உருண்டையிலும் மேடு பள்ளத்திலும் லேசர் பொறிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் வீட்டு முன்னறையில் 10 வாட் டயோடு லேசர் மெஷின் வைத்து, தாம்பூல டம்ளர், மாமரப் பலகை, கொட்டாங்குச்சிக் கிண்ணம் போன்றவற்றில் பேரும் படமும் பொறித்துக் கொடுக்கிறேன். தர்மபுரி, ஓசூர், பாலக்கோடு பக்கம் புதிதாக மெஷின் வாங்கியவர்கள் போனில் கேட்பதும், ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் கேட்பதும் பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். தட்டையான பலகையில் ஒரு வாரத்தில் எல்லாருக்கும் கை வந்துவிடுகிறது. பொருள் வளைந்ததும் குழப்பம் ஆரம்பிக்கிறது. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

அக்கா, இந்தச் சின்ன மெஷின்ல டம்ளர், சொம்பு மாதிரி உருண்டைப் பொருள்ல எழுத்து போட முடியுமா? பலகைக்கு மட்டும்தானா?

முடியும். வீட்டில் வைத்துக்கொள்ளும் மெஷின்களில் பெரும்பாலானவை நீல ஒளி டயோடு லேசர். அலைநீளம் சுமார் 450 நானோமீட்டர். ஒளியின் திறன் 5, 10, 20 வாட் என்று வரும். பெட்டி மேல் 40 வாட், 80 வாட் என்று பெரிதாகப் போட்டிருந்தால் அது மின்சாரம் இழுக்கும் அளவாக இருக்கலாம். ஒளியாக வெளியே வருவது எத்தனை வாட் என்று கேட்டு வாங்குங்கள்.

இந்த மெஷினின் தலை இடம் வலமாகவும் முன் பின்னாகவும்தான் நகரும். வேலை நடக்கும்போது தானாக ஏறி இறங்காது. பொருளின் மேற்பரப்பு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை நாம்தான் முன்கூட்டியே அளந்து, அதற்குத் தகுந்தபடி டிசைனின் அளவை வைக்க வேண்டும். கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு வேலையைப் பற்றியவை.

நடுவுல கறுப்பா அழகா விழுது, ரெண்டு ஓரமும் மங்கிப் போகுது. பவர் பத்தலையா?

பவரை ஏற்றாதீர்கள். நடு கருகும், ஓரம் அப்படியேதான் இருக்கும். சின்ன வயதில் பூதக்கண்ணாடியில் வெயிலைக் குவித்துக் காகிதம் எரித்திருப்பீர்கள். கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கினாலும் இறக்கினாலும் புள்ளி பெரிதாகிச் சூடு குறைந்துவிடும். லேசர் தலையிலும் ஒரு லென்ஸ்தான் ஒளியைக் குவிக்கிறது. சரியான தூரத்தில் புள்ளி 0.1 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், தூரம் மாறினால் அகன்றுவிடும். படுக்க வைத்த டம்ளரின் உச்சியில் ஃபோகஸ் வைத்தால் இரண்டு ஓரமும் கீழே இறங்கிப் போகின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. ஓரத்தில் பரப்பு சாய்ந்திருப்பதால் வட்டப் புள்ளி நீள்வட்டமாகி, அதே சூடு அதிக இடத்தில் பரவுகிறது. 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள டம்ளரில் நடுவிலிருந்து 10 மில்லிமீட்டர் தள்ளினால் இந்த இழப்பு 4 சதவீதம்தான். 20 மில்லிமீட்டர் தள்ளினால் 18 சதவீதம்.

தமிழ் எழுத்துக்கு இதில் தனிக் கஷ்டம் இருக்கிறது. ஓரத்தில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளி. அப்புறம் சுழி அடைத்துக்கொள்ளும். க், ங், ண் எல்லாம் என்ன எழுத்து என்றே தெரியாது. அதனால் பேரில் புள்ளி வைத்த எழுத்து எங்கே வருகிறது என்று பார்த்து, அது ஓரத்தில் விழாதபடி நகர்த்துங்கள்.

அப்போ எவ்வளவு அகலம் வரைக்கும் தைரியமா போடலாம்?

ஒரு சின்னக் கணக்கு. டிசைனின் அகலத்தை அதே அகலத்தால் பெருக்குங்கள். அதைப் பொருளின் விட்டத்தின் நாலு மடங்கால் வகுங்கள். வருவது உச்சிக்கும் ஓரத்துக்கும் உள்ள உயர வித்தியாசம். 70 மில்லிமீட்டர் டம்ளரில் 20 மில்லிமீட்டர் அகல டிசைன் என்றால், 400-ஐ 280-ஆல் வகுக்க 1.4 மில்லிமீட்டர். டிசைன் அகலமானால் இந்தக் கணக்கு கொஞ்சம் குறைத்துக் காட்டும். நுணுக்கமாகப் பார்த்தால் 30 மில்லிமீட்டர் அகலத்துக்கு 3.4, 40-க்கு 6.3 மில்லிமீட்டர் இறக்கம். அகலம் இரண்டு மடங்கானால் இறக்கம் நாலு மடங்குக்கு மேல் போகிறது, கவனியுங்கள். 120 மில்லிமீட்டர் விட்டமுள்ள சொம்பில் 40 மில்லிமீட்டர் அகலத்துக்கு 3.4 மில்லிமீட்டர்தான்.

உங்கள் லென்ஸ் எவ்வளவு இறக்கத்தைத் தாங்கும் என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். ஒரு பட்டையான பலகையை ஒரு முனை 20 மில்லிமீட்டர் உயரமாக இருக்கும்படி சாய்த்து வையுங்கள். சாய்வின் நடுவில் ஃபோகஸ் வைத்து, கீழிருந்து மேலே ஒரே நேர்க்கோடு போடுங்கள். கோடு நடுவில் மெல்லியதாகவும் கறுப்பாகவும், இரண்டு பக்கமும் போகப் போகத் தடித்தும் வெளிறியும் இருக்கும். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை கோடு உங்களுக்குத் திருப்தியாக இருக்கிறதோ, அந்த இரண்டு இடங்களின் உயர வித்தியாசம்தான் உங்கள் மெஷினின் எல்லை. பல டயோடு தலைகளில் மொத்தம் 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை கிடைக்கும். அதை ஒரு சீட்டில் எழுதி மெஷினிலேயே ஒட்டிவிடுங்கள்.

ஃபோகஸை எங்க வைக்கணும்? உச்சியிலயா, ஓரத்துலயா?

இரண்டுக்கும் நடுவில். இறக்கம் 3 மில்லிமீட்டர் என்றால் உச்சிக்கு 1.5 மில்லிமீட்டர் கீழே. அப்போது தவறு மேலே 1.5, கீழே 1.5 மில்லிமீட்டர் என்று பிரிந்துகொள்ளும், கண்ணுக்குத் தெரியாது. ஃபோகஸ் கட்டையை (தலைக்கும் பொருளுக்கும் சரியான தூரம் வைக்க உதவும் அளவுக் கட்டை) உச்சியில் வைத்துப் பூட்டிவிட்டு, பொருளுக்கு அடியில் இருக்கும் 1.5 மில்லிமீட்டர் அட்டையை உருவி எடுத்தால்... தலையைத் தொடாமலே வேலை முடிந்துவிடும், பொருள் அந்த அளவு இறங்கிவிடும் என்று சிலர் செய்கிறார்கள். அது வேண்டாம். பொருள் இறங்கினால் தலைக்கும் உச்சிக்கும் தூரம் கூடி, ஃபோகஸ் உச்சிக்கு மேலே காற்றில் நிற்கும். நமக்கு வேண்டியது எதிர்ப்பக்கம். பூட்டிய பிறகு அட்டையைப் பொருளுக்கு அடியில் செருகுங்கள்.

ரோட்டரி கட்டாயம் வாங்கணுமா?

ரோட்டரி என்பது பொறிக்கும்போது பொருளைச் சுழற்றும் துணைக்கருவி. ஒரு பேர், ஒரு சின்ன முத்திரை மட்டும் என்றால் வேண்டாம். இரண்டு மரச்சட்டத்தை ஆங்கில வி எழுத்துப் போல ஆணியடித்து, அதில் டம்ளரைப் படுக்க வைத்துப் பொறித்துவிடலாம். ஒரு விஷயம் மட்டும் பாருங்கள்: லேசர் ஓடும் திசை டம்ளரின் நீளவாக்கில் இருக்கட்டும். அப்படி ஓடும்போது ஒவ்வொரு கோடும் முழுக்க ஒரே உயரத்தில் விழும். குறுக்கே ஓடினால் ஒவ்வொரு கோட்டிலும் ஃபோகஸ் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

டம்ளரைச் சுற்றி முழு வட்டமாகக் குறளோ பூவேலையோ வேண்டுமென்றால் ரோட்டரிதான் வழி. லேசர் உச்சிக் கோட்டிலேயே நிற்க, பொருள் அடியில் உருளும். மேலே சொன்ன இறக்கக் கணக்கே தேவையில்லை. உருளை வகை, சக் வகை என்று இரண்டு உண்டு. உருளை வகையில் பொருள் இரண்டு ரப்பர் உருளை மேல் படுத்திருக்கும். விலை குறைவு, நேரான பாட்டிலுக்குப் போதும். சக் வகை பொருளை ஒரு முனையில் கவ்விப் பிடிக்கும். கைப்பிடி உள்ள கப், கூம்பு டம்ளர் எல்லாம் செய்ய நினைத்தால் முதலிலேயே சக் வாங்குவது நல்லது என்பது என் கருத்து.

ரோட்டரி போட்டதும் எழுத்து நசுங்கி வருது, இல்லாட்டி இழுத்துக்குது. ஏன்?

ரோட்டரி ஒரு சுற்றுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று மென்பொருளுக்குச் சரியாகச் சொல்லவில்லை. உருளை வகைக்குக் கொடுக்க வேண்டியது உருளையின் சுற்றளவு. மேலே எந்த டம்ளர் வைத்தாலும் அது மாறாது. சக் வகைக்குப் பொருளின் விட்டம் வேண்டும், பொருள் மாறும்போதெல்லாம் மாற்ற வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுக் குழம்புகிறவர்கள்தான் அதிகம்.

பொருளைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, குறைந்த பவரில் 50 மில்லிமீட்டர் சதுரம் போட்டு, டேப்பை உரித்துத் தட்டையாக வைத்து அளந்து பாருங்கள். 48 வந்தால் அந்த விகிதத்தில் அளவைத் திருத்துங்கள். இன்னொன்று, பல மெஷின்களில் முன் பின் போகும் மோட்டாரின் வயரைக் கழற்றித்தான் ரோட்டரிக்குச் செருகுகிறோம். அப்போது ஹோமிங் (தலையைத் தொடக்க இடத்துக்குப் போகச் சொல்லும் கட்டளை) கொடுத்தால், தொடும் ஸ்விட்ச்சைத் தேடி டம்ளர் சுற்றிக்கொண்டே இருக்கும். ஹோமிங்கை நிறுத்திவிட்டு ஆரம்பியுங்கள்.

டம்ளர் மேல அகலம், கீழ குறுகல். உருளையில வழுக்கி ஒரு பக்கமா நகர்ந்து போகுது.

கூம்பு வடிவம் உருளையில் அப்படித்தான் நகரும். குறுகலான அடிப்பக்கத்தில் ரப்பர் வளையமோ, சுற்றிச் சுற்றி டேப்போ போட்டு, உருளையைத் தொடும் இடத்தில் விட்டத்தைச் சமமாக்குங்கள். எடை குறைந்த டம்ளருக்குள் கொஞ்சம் ஆணியோ கல்லோ துணியில் கட்டிப் போட்டால் வழுக்காது. ஸ்பீடைவிட, திரும்பும் வேகத்தை, அதாவது ஆக்சலரேஷனைக் குறைப்பதுதான் அதிகம் உதவும்.

அப்புறம் உச்சிக் கோடு மட்டமாக இருக்க வேண்டும். வாய் 75, அடி 60 மில்லிமீட்டர், உயரம் 100 என்று ஒரு டம்ளர். சக்கில் நேராகப் பிடித்தால் உச்சிக் கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 7.5 மில்லிமீட்டர் சரியும். உருளையில் படுக்க வைத்தால் இன்னும் அதிகம். அடிப்பக்கத்தைத் தூக்கி, உச்சியில் ஒரு சின்ன ரசமட்டம் வைத்துப் பாருங்கள். விட்டம் கேட்கும் இடத்தில் டிசைனின் நடு விழும் இடத்து விட்டத்தைக் கொடுங்கள். 30 மில்லிமீட்டர் உயர எழுத்துக்கு மேலும் கீழும் 3 சதவீதம் போல வித்தியாசம் வரும், யாருக்கும் தெரியாது. டம்ளர் முழுக்க நிற்கும் படம் என்றால் தெரியும். அதற்கு டிசைனையே விசிறிபோல வளைத்து வரைய வேண்டும்.

எவர்சில்வர் சொம்புல நேரா பேர் விழுமா? பித்தளை, செம்பு?

பெயின்ட் பூசிய ஸ்டீல் பாட்டிலில் அருமையாக விழும். லேசர் பெயின்ட்டை மட்டும் எடுத்துவிட்டு அடியில் இருக்கும் ஸ்டீலைக் காட்டும். வெறும் எவர்சில்வரில் 10, 20 வாட் தலை மிக மெதுவாக ஓடினால் சூட்டினால் கறுத்த தடம் வரும். ஆனால் ஃபோகஸ் துல்லியமாக இருக்க வேண்டும். வளைவில் ரோட்டரி இல்லாமல் அது சரிப்படாது. சூடுபட்ட இடத்தில் துருப்பிடிக்காத மேல்படலம் கெட்டுப்போவதால், தினமும் தண்ணீரில் புழங்கும் பாத்திரத்துக்கு அதை நான் செய்து கொடுப்பதில்லை. பித்தளையும் செம்பும் சூட்டை உடனே கடத்திவிடும். வீட்டு டயோடு மெஷினில் தடம் விழாது.

சீர்வரிசைப் பாத்திரத்தில் பேர் வேண்டும் என்று வருகிறவர்களிடம், வாங்கிய பாத்திரக் கடையிலேயே அதிரும் ஊசி மெஷினில் பேர் வெட்டித் தரச் சொல்கிறேன். கையில் பிடித்து வளைவோடு போகும் அந்த ஊசிக்குச் சொம்பு ஒரு பொருட்டே இல்லை. நிறைய வருடம் அழியாமல் இருக்கும்.

கண்ணாடி டம்ளர்?

நீல ஒளி தெளிவான கண்ணாடியில் ஊடுருவிப் போய்விடும். வெளிப்பக்கம் கறுப்பு போஸ்டர் கலர் மெல்லிதாகப் பூசி, காய்ந்ததும் பொறித்துக் கழுவினால் வெள்ளைத் தடம் கிடைக்கும். கார்பன் டை ஆக்சைடு லேசர் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பூச்சு தேவையில்லை. அதன் 10.6 மைக்ரோமீட்டர் ஒளியைக் கண்ணாடி நேராக உறிஞ்சிக்கொள்ளும்.

வளைஞ்ச பொருளுக்குன்னு தனியா பாதுகாப்பு ஏதாச்சும் உண்டா?

உண்டு, தயவுசெய்து இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். தட்டையான பரப்பில் பட்ட ஒளி ஏறக்குறைய மேலேயே திரும்பும். உருண்டையான, பளபளப்பான பரப்பில் பட்ட ஒளி பக்கவாட்டில், எந்தத் திசையில் போகும் என்று சொல்ல முடியாது. ரோட்டரி வைக்கத் தலையை உயர்த்தும்போது ஆரஞ்சு நிறத் தடுப்பும் பொருளை மறைக்காமல் மேலே போய்விடுகிறது. அதனால் 450 நானோமீட்டருக்கு என்று குறிப்பிட்ட பாதுகாப்புக் கண்ணாடி அறையில் இருக்கும் எல்லாருக்கும் வேண்டும். வெயில் கண்ணாடி உதவாது. குழந்தைகளை அறைக்குள் விடாதீர்கள். மெஷின் ஓடும்போது எழுந்து போகாதீர்கள்.

ரெக்சின் சுற்றிய பாட்டில், பிவிசி பைப் இரண்டும் கூடவே கூடாது. சூடுபட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலுக்கும் கேடு, மெஷினும் துருவேறும்.

கொட்டாங்குச்சியில போடணும். ரோட்டரியில வைக்கலாமா?

ரோட்டரி ஒரு பக்க வளைவுக்குத்தான் வழி. கொட்டாங்குச்சி இரண்டு பக்கமும் வளைந்தது. அதனால் மேலே மூன்றாவது கேள்வியில் சொன்ன கணக்குக்கே திரும்ப வேண்டும், டிசைனின் மூலைக்கு மூலை அகலத்தை எடுத்துக்கொண்டு. 110 மில்லிமீட்டர் விட்டமுள்ள கொட்டாங்குச்சியில் 30 மில்லிமீட்டர் வட்டத்துக்கு இறக்கம் 2 மில்லிமீட்டர். 40-க்கு 3.8. நான் 30-லேயே நின்றுகொள்வேன். வட்ட டிசைன் இதற்கு மிகவும் பொருந்தும், சதுரத்தின் மூலைகள்தான் முதலில் மங்கும்.

பிடித்து வைக்கத் துணியைச் சுருட்டிச் சும்மாடு கட்டி அதன் மேல் கவிழ்த்து வையுங்கள். எந்தப் பக்கமும் சாய்த்துக்கொள்ளலாம், ஆடாது. துணி ஓட்டுக்கு வெளியே நீண்டு லேசர் படாதபடி சும்மாடு சிறியதாக இருக்கட்டும்.

வேலையின் பெரும்பகுதி அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். நார் ஒன்று மிச்சம் இருந்தாலும் அது பற்றிக்கொண்டு பக்கத்தில் கறை ஏற்றும். 80 நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 120, 240 என்று தேய்த்து, கையில் வழவழப்பாக வந்த பிறகுதான் மெஷினுக்குக் கொண்டுபோக வேண்டும். முற்றிய கறுத்த ஓட்டில் தடம் கறுப்பாகவே விழுவதால் எடுபடாது. வெளிர் பழுப்பு ஓடாகப் பார்த்து எடுங்கள். கறுத்த ஓடுதான் இருக்கிறது என்றால் கொஞ்சம் ஆழமாகப் பொறித்து, பள்ளத்தில் வெள்ளை பெயின்ட் தேய்த்து, காய்ந்ததும் மேலே இருப்பதை 400 நம்பர் தாளில் எடுத்துவிடுங்கள். எண்ணெய் பூசுவது எல்லாம் முடிந்த பிறகு.

மாம்பழத்து மேலயே பேர் போடலாமா? நம்ம ஊர் மாம்பழமாச்சே!

மிகக் குறைந்த பவரில் தோலில் தடம் விழும். ஆனால் தோல் காயம்பட்ட இடத்தில் ஈரம் போய்ச் சுருங்கி, பழம் சீக்கிரம் கெடும். அன்றைக்கே வைத்து எடுக்கும் விசேஷத்துக்கு மட்டும் செய்யலாம். பரிசாகக் கொடுக்க மாமரக் கட்டையில் மாங்காய் வடிவம் வெட்டிப் பொறிப்பதுதான் எனக்குப் பிடித்தது.

தென்பெண்ணை ஆத்துல எடுத்த கூழாங்கல்லு, கிரானைட் உடைசல் இதுல எல்லாம் வருமா?

கறுப்பு கிரானைட்டின் மெருகேற்றிய பக்கத்தில் வெண்சாம்பல் தடம் மிக நன்றாக வரும். பாலிஷ் பட்டறையில் கிடைக்கும் ஓரத்துண்டு போதும். கூழாங்கல்லில் கறுத்த, நுண்ணிய மணியுள்ள கல்லாகத் தேடுங்கள். வெளிர் கல்லில் தடம் தெரியாது. கல்லை ஒரு தட்டு மணலில் அழுத்தி, பொறிக்கும் இடம் மேலே மட்டமாக வரும்படி திருப்பி வையுங்கள். டிசைன் விழும் இடத்தில் நடுவிலும் நாலு ஓரத்திலும் ஃபோகஸ் கட்டையால் உயரம் பார்த்து, வித்தியாசம் உங்கள் சீட்டில் எழுதிய எல்லைக்குள் இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் கல்லைத் திருப்புங்கள் அல்லது டிசைனைச் சுருக்குங்கள்.

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நடுகற்கள் நிறைய உண்டு. தர்மபுரி அரசு அருங்காட்சியகத்தில் பலவற்றைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். அவற்றைப் பார்த்து வரைந்த கோட்டுப்படத்தைக் கிரானைட் துண்டில் பொறித்துக் கேட்கிறார்கள், ஆசையாகச் செய்கிறேன். ஆனால் வயலோரம், ஏரிக்கரையில் உருவமோ எழுத்தோ உள்ள கல் கண்ணில் பட்டால் அதை எடுத்து வராதீர்கள். வருவாய்த் துறைக்கோ அருங்காட்சியகத்துக்கோ சொல்லுங்கள்.

மெஷினே உயரத்தைப் பாத்துத் தானா ஏத்தி இறக்காதா?

பரப்பு முழுவதையும் அளந்து தொடர்ந்து ஏறி இறங்கும் வசதி வீட்டு மெஷின்களில் அநேகமாக இல்லை. ஆட்டோ ஃபோகஸ் என்று விற்பது ஓர் இடத்தில் மட்டும் உயரம் பார்த்து நிற்கும். தலையை மேலும் கீழும் நகர்த்தும் மோட்டார் இருந்தால், டிசைனை உயரவாரியாக லேயர்களாகப் பிரித்து, லைட்பர்ன் போன்ற மென்பொருளில் ஒவ்வொரு லேயருக்கும் தனி உயரம் கொடுக்கலாம். டம்ளரில் நடுப்பட்டை ஒரு லேயர், இரண்டு ஓரப்பட்டையும் இன்னொரு லேயர். மோட்டார் இல்லாதவர்கள் ஒவ்வொரு லேயருக்கும் நடுவில் கையால் தலையை இறக்கலாம். பட்டைகள் சேரும் இடம் எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே விழும்படி பிரித்தால் ஒட்டு தெரியாது.

கார்பன் டை ஆக்சைடு மெஷினில் லென்ஸை மாற்றலாம். 2 அங்குல லென்ஸுக்குப் பதில் 4 அங்குலம் போட்டால் அதிக இறக்கத்தைத் தாங்கும், புள்ளி பெரிதாவதால் நுணுக்கம் குறையும். பெரிய எழுத்துக்கு அது நல்ல பேரம்தான், முகத்துக்கு ஆகாது.

தாத்தா படத்தை மரக்குடுவையில போட்டேன், முகம் அகலமாயிடுச்சு.

ரோட்டரி இல்லாமல் போட்டால் மேலிருந்து பார்க்கும் அளவில்தான் படம் விழும். வளைவின் மேல் அது நீண்டுவிடும். 70 மில்லிமீட்டர் விட்டத்தில் 40 மில்லிமீட்டர் படம், பரப்பின் மேல் 42.6 மில்லிமீட்டர் ஆகிறது. அதுவும் சமமாக அல்ல, மூக்கு அப்படியே இருக்க, காது பக்கம் இழுத்துக்கொள்ளும். நேரெதிரே நின்று பார்த்தால் சரியாகத்தான் தெரியும், கையில் திருப்பும்போது அகலம் தெரியும். முகத்துக்கு ரோட்டரி வேண்டும். இல்லையென்றால் முகத்தை 25 மில்லிமீட்டருக்குள் சுருக்குங்கள்.

பாதியில கரண்ட் போயிடுச்சு. விட்ட இடத்துல இருந்து தொடர முடியுமா?

பலகையில் முடியும், ஹோமிங் கொடுத்து அதே இடத்துக்கு வரலாம். ரோட்டரியில் ஹோமிங் இல்லை என்று மேலே சொன்னேன், அதனால் டம்ளர் எந்தக் கோணத்தில் நின்றது என்பது மெஷினுக்குத் தெரியாது. ஆரம்பிக்கும் முன்பே டம்ளரிலும் ரோட்டரி சட்டத்திலும் டேப் ஒட்டி, நேருக்கு நேர் ஒரு பேனாக்கோடு போட்டு வையுங்கள். அதை வைத்துக் கிட்டத்தட்டச் சேர்க்கலாம். மழைக்காலத்தில் மெஷினையும் கம்ப்யூட்டரையும் ஒரு சின்ன யுபிஎஸ்ஸில் போடுவது இதைவிட நிம்மதி.

தமிழ்ல டைப் பண்ணா கொம்பும் காலும் இடம் மாறி விழுது.

சில மென்பொருள்கள் தமிழ் எழுத்துக்களைச் சேர்க்கத் தெரியாதவை. இன்க்ஸ்கேப்பில் யூனிகோட் எழுத்துருவில் எழுதி, எழுத்தைப் பாதையாக மாற்றி, எஸ்விஜி கோப்பாகக் கொண்டுவாருங்கள். அப்போது அது வெறும் வரைபடம், உடையாது.

கல்யாணத்துக்கு 200 டம்ளர் கேட்கறாங்க. ஒத்துக்கலாமா?

நேரத்தைக் கணக்குப் போட்டுவிட்டு ஒத்துக்கொள்ளுங்கள். 50-க்கு 20 மில்லிமீட்டர் இடத்தை 0.1 மில்லிமீட்டர் இடைவெளியில் நிரப்ப 200 கோடுகள், மொத்தம் 10 மீட்டர் ஓட்டம். நிமிடத்துக்கு 3000 மில்லிமீட்டர் வேகத்தில் 3 நிமிடம் 20 வினாடி. திரும்பும் நேரத்தோடு 4 நிமிடம் வையுங்கள். 200 டம்ளருக்கு 13 மணி நேரத்துக்கு மேல், எடுத்து வைக்கும் நேரம் தனி. எழுத்தை நிரப்பாமல் ஒற்றைக் கோட்டு எழுத்தாகப் போட்டால் இது வெகுவாகக் குறையும்.

இந்த வேலைக்கு ரோட்டரியைவிட முன்பு சொன்ன மரச்சட்டமே வேகமானது. டம்ளரின் அடி முட்டி நிற்க ஒரு தடுப்புக் கட்டை அடித்துவிட்டால், ஒவ்வொன்றுக்கும் இடம் பார்க்க வேண்டாம். முதல் பத்து டம்ளரையும் விட்டம் அளந்து பாருங்கள், ஒரே பெட்டியில் இரண்டு அளவு கலந்து வருவதுண்டு. ஒன்றைப் பொறித்துப் பெண் வீட்டாரிடம் காட்டி, பேரின் எழுத்தும் தேதியும் சரிதான் என்று ஒப்புக்கொண்ட பிறகு மீதியை ஆரம்பியுங்கள்.